மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தால் வீடு, நிலம், கடன் எல்லாம் என்ன ஆகும்? அண்ணனுக்காகக் கேட்கிறேன்

நூல்கண்டு:
வணக்கம். அண்ணன் திருப்பூர் பக்கம் சொந்தப் பெயரில் பனியன் ஜாப் ஒர்க் யூனிட் நடத்தினார். ஆர்டர் குறைந்தது, பார்ட்டிகளிடம் கூலி நின்றது, இப்போது ஷட்டரை இறக்கியாச்சு. மொத்தக் கடன் 36 லட்சம். வீட்டுக் கடன் பாக்கி 14, மெஷின் லோன் 6, பர்சனல் லோனும் கிரெடிட் கார்டும் சேர்த்து 5, புரோநோட்டில் மூன்று பேரிடம் 11. அந்த மூவரில் ஒருவர் கோர்ட்டில் டிகிரி (பணத்தைக் கொடுக்கச் சொல்லும் தீர்ப்பாணை) வாங்கி, அண்ணனை அரெஸ்ட் செய்யச் சொல்லி நிறைவேற்று மனுவும் போட்டுவிட்டார். இன்னொருவர் கையில் அண்ணன் கையெழுத்துப் போட்ட செக் இருக்கிறது.

சொத்து என்றால் அடமானத்தில் இருக்கும் வீடு, அப்பா வழியில் வந்த ஒன்றரை ஏக்கர் (எனக்கும் அவருக்கும் கூட்டுப் பட்டா), ஒரு டூவீலர், ஒரு எல்ஐசி பாலிசி.

தெரிந்த ஒருவர் சொல்கிறார்: "வீட்டை முதல்ல உங்க அண்ணி பேருக்கு செட்டில்மெண்ட் எழுதிடு. அப்புறம் ஐபி போட்டு மஞ்சள் நோட்டீஸ் அனுப்பினா ஒருத்தனும் வாசலுக்கு வரமாட்டான்." ஐபி என்றால் கடனைக் கட்ட முடியவில்லை என்று கோர்ட்டில் போடும் திவால் மனுவாம், அதன் நோட்டீஸ்தான் கடன்காரர்களுக்குப் போகும் மஞ்சள் நோட்டீஸாம். மொத்தமாகச் செய்துகொடுக்க 50,000 கேட்கிறார். இது சரியாக வருமா?

சும்மா இருக்கிறவன்:
ஏற்கெனவே கடன் 36 லட்சம். 37-வது லட்சத்தில் பாதியை அந்தத் தெரிந்தவருக்குக் கொடுக்கச் சொல்கிறார்கள். நல்ல ஆரம்பம்.

சப்கோர்ட் வாசல்:
நான் இந்த வழக்குகளில் ஆஜராகிற வக்கீல். முதலில் அந்த செட்டில்மெண்ட் பத்திரத்தை நிறுத்துங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

1920-ஆம் வருடத்து மாகாண நொடிப்புச் சட்டம்தான் உங்கள் அண்ணனுக்குப் பொருந்தும். அதில் 53-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஒருவர் பணம் வாங்காமல் சொத்தை யாருக்காவது எழுதிக் கொடுத்து, அந்தத் தேதியிலிருந்து 2 வருடத்துக்குள் தாக்கலான மனுவில் நொடித்தவர் (திவாலானவர்) என்று அறிவிக்கப்பட்டால், அந்தப் பத்திரத்தைக் கோர்ட் ரத்து செய்யலாம். மனைவிக்கு "அன்பினால்" எழுதிக் கொடுத்த செட்டில்மெண்ட் இதில் அப்படியே மாட்டும். முத்திரைத்தாள் செலவும் பதிவுச் செலவும் தண்டம். அது மட்டுமா? கடன்காரர்களை ஏமாற்றச் சொத்தை மறைப்பது 69-வது பிரிவில் குற்றம், 1 வருடம் வரை சிறை. டிஸ்சார்ஜ் (கடன்களிலிருந்து கோர்ட் தரும் விடுவிப்பு) கேட்கப் போகும்போதும் இந்தப் பத்திரம்தான் முதலில் மேஜைக்கு வரும்.

அந்த வீடு அடமானத்தில் இருக்கிறது என்கிறீர்கள். அண்ணி பெயருக்கு மாற்றினாலும் அடமானம் வீட்டோடு ஒட்டிக்கொண்டே போகும், பேங்கை அது அசைக்காது. ஆக இந்தப் பத்திரத்தால் லாபம் அந்தத் தெரிந்தவருக்கு மட்டும்தான்.

கொடுத்துக் கெட்டவன்:
நான் எதிர்ப் பக்கம். புரோநோட்டில் பணம் கொடுத்துவிட்டு மஞ்சள் நோட்டீஸ் வாங்கியவன். கவரைப் பிரித்தால் என் பெயர் எதிர்மனுதாரர் பட்டியலில் பாதிக்கு மேல் தள்ளி இருந்தது. அதில் பாதிப் பேர் அவருடைய சொந்தக்காரர்கள், எல்லோருக்கும் புரோநோட்டுக் கடன் இருப்பதாகக் கணக்கு. பங்கு பிரிக்கும்போது எங்களுக்கு வருவதைக் குறைக்கத்தான் இந்த ஏற்பாடு.

நான் வேறு ஒன்றும் செய்யவில்லை. வில்லங்கச் சான்று (ஈசி) போட்டேன். ஐபி போடுவதற்கு எட்டு மாதம் முன்னால் கடைக் கட்டடத்தை மச்சான் பெயருக்கு எழுதியிருந்தது பளிச்சென்று தெரிந்தது. ரிசீவரிடம் (திவாலானவர் சொத்தை எடுத்து விற்றுப் பங்கிடக் கோர்ட் நியமிப்பவர்) எழுத்துமூலம் கேட்டேன், அவர் அசையவில்லை. அப்புறம் கோர்ட் அனுமதி வாங்கி நானே மனு போட்டு அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய வைத்தேன். எனக்கு முழுப் பணம் வரவில்லை, ஆனால் அவருக்கும் கட்டடம் நிற்கவில்லை.

தம்பி, உங்கள் அண்ணன் ஏமாற்றுக்காரர் என்று சொல்லவில்லை. எதிரே இருப்பவனுக்கும் 30 நிமிடத்தில் ஈசி எடுக்கத் தெரியும் என்று சொல்கிறேன்.

சப்கோர்ட் வாசல்:
மேலே நண்பர் செய்தது 54ஏ பிரிவு. ரிசீவர் மறுத்தால், தன் கடனை நிரூபித்த கடன்காரர் கோர்ட் அனுமதியோடு தானே கேட்கலாம். பலருக்கு இது தெரிவதில்லை.

ஆர்வக்கோளாறு:
2016-ல் புதிய திவால் சட்டம் வந்ததும் 1920 சட்டம் போய்விட்டதே? இப்போது எல்லாம் தீர்ப்பாயத்துக்குத்தானே போக வேண்டும்?

சப்கோர்ட் வாசல்:
போகவில்லை. 2016 சட்டத்தில் தனிநபர்களுக்கு என்று மூன்றாம் பாகம் இருக்கிறது. கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பர் 1 முதல் அதை அமலுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த அறிவிப்பு செல்லும் என்று 2021 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. சாதாரண மனிதர், தனி உரிமையாளர் என்றால் இன்னும் பழைய சட்டம்தான். வெளியூர்களில் 1920 சட்டம், நம்மூரில் சப் கோர்ட்டில் மனு. சென்னை நகரத்துக்குள் என்றால் 1909 சட்டம், ஹைகோர்ட்.

பழைய சட்டம் எவ்வளவு பழசு என்றால், மனு போட 500 ரூபாய் கடன் இருந்தால் போதும். நொடித்தவர் என்று அறிவிக்கப்பட்டவர், டிஸ்சார்ஜ் ஆகும்வரை, தன் நிலையைச் சொல்லாமல் யாரிடமாவது 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால் 6 மாதம் வரை சிறை. டீக்கடை அக்கவுண்ட்டே இரண்டு நாளில் 50-ஐத் தாண்டிவிடும்.

கேப்டன் கடல்:
நான் இங்கிலாந்தில் இருக்கிறேன். இங்கே திவால் ஆனால் பெரும்பாலும் 12 மாதத்தில் தானாகவே விடுவிப்பு வந்துவிடும். நம் நாட்டில் ஏன் இத்தனை சுற்று?

சப்கோர்ட் வாசல்:
2016 சட்டத்தின் தனிநபர் பாகத்திலும் அதே மாதிரி 1 வருடக் கணக்குத்தான் எழுதியிருக்கிறார்கள். அமலுக்கு வராத பக்கத்தை வைத்து நூல்கண்டு அண்ணனுக்கு ஒன்றும் செய்ய முடியாது.

கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம்:
பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு கேள்வி. ஒன்று, அந்த வீடு இன்றைக்கு என்ன விலை போகும்? இரண்டு, மெஷின் லோனுக்கு ஜாமீன் கையெழுத்து யார்?

நூல்கண்டு:
வீடு 28 லட்சம் போகும் என்கிறார்கள். ஜாமீன் நான்தான் சார். சும்மா ஃபார்மாலிட்டி என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள்.

கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம்:
அப்படித்தான் சொல்வார்கள். நாங்களும் சொல்லியிருக்கிறோம்.

சரி, முதலில் வீடு. ஐபி போட்டாலும் அடமானக் கடன் கொடுத்த பேங்க் அந்த வளையத்துக்கு வெளியே நிற்கும். 2002-ஆம் வருடத்து சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, சுவாதீனம் எடுத்து, ஏலம் விட்டுத் தன் 14 லட்சத்தையும் வட்டியையும் செலவையும் எடுத்துக்கொள்ளும். மிச்சம் இருந்தால் அது அண்ணன் கைக்கு வராது, ரிசீவருக்குப் போகும். மெஷின்களும் அப்படித்தான், லோன் கொடுத்தவர் பிடியில் இருக்கின்றன. பழைய தையல் மெஷின் ஏலத்தில் என்ன போகும் என்று உங்களுக்கே தெரியும். 6 லட்சத்தில் துண்டு விழும்.

அந்தத் துண்டுக்கு பேங்க் யாரைப் பிடிக்கும்? உங்களைத்தான். அண்ணன் ஐபி போட்டாலும், நாளைக்கே டிஸ்சார்ஜ் வாங்கினாலும், ஜாமீன்தாரருக்கு விடுதலை கிடையாது. அண்ணன் மேல் முதலில் வழக்குப் போட்டு முடித்துவிட்டு வாருங்கள் என்றும் நீங்கள் சொல்ல முடியாது. கடன் வாங்கியவர் கைக்கு எட்டாமல் போனால், சம்பளத்தோடு எட்டும் தூரத்தில் இருப்பவர் நீங்கள். நீங்கள் கட்டினால் அந்தப் பணத்துக்கு நீங்களும் அண்ணனின் கடன்காரர் ஆகிறீர்கள். ஐபியில் உங்கள் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் ஆறுதல்.

நூல்கண்டு:
இதை அவர் சொல்லவே இல்லை. எனக்கு இப்போதுதான் வயிற்றைக் கலக்குகிறது. அந்த ஒன்றரை ஏக்கரில் என் பங்கும் போய்விடுமா? அண்ணி நகை, அவர் டீச்சர் சம்பளம்?

சப்கோர்ட் வாசல்:
உங்கள் பங்கு உங்களுடையது. அண்ணனின் பிரிபடாத பாதி மட்டும் ரிசீவர் வசம் போகும். அவர் பாகப்பிரிவினை கேட்கலாம், அல்லது அந்தப் பாதியை அப்படியே விற்கலாம். முன்பின் தெரியாத ஆள் உங்கள் வரப்பில் பங்காளியாக வந்து நிற்கும் தலைவலிக்குத் தயாராக இருங்கள். விலை கொடுத்து அந்தப் பாதியை நீங்களே வாங்கிக்கொள்ள வழி இருந்தால் யோசியுங்கள். சந்தை விலை, பேங்க் வழியாகப் பணம், இரண்டும் கட்டாயம்.

அண்ணியின் சீர் நகையும் அவர் சம்பளமும் அவருடையவை. அண்ணன் வாங்கிய எந்தக் கடனிலாவது அவர் கூட்டாகக் கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு. பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுங்கள், அப்பா கடனைத் தீர்ப்பது மகனின் கடமை என்ற பழைய இந்து சட்ட வாதத்தை வைத்து 2005 திருத்தத்துக்குப் பிறகு வாங்கிய கடனுக்குப் பிள்ளைகள் மேல் பாய முடியாது.

யாராலும் தொட முடியாதவை என்று ஒரு பட்டியல் சிவில் நடைமுறைச் சட்டம் 60-வது பிரிவில் இருக்கிறது. உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, தாலி மாதிரி மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை, கைத்தொழில்காரரின் கருவி, ஆயுள் காப்பீட்டுப் பாலிசிப் பணம், பிஎஃப். ஜப்தி செய்ய முடியாதது ரிசீவருக்கும் போகாது. அண்ணனின் எல்ஐசி தப்பும். தானே உட்கார்ந்து தைத்துப் பிழைக்கிற டெய்லரின் மெஷின் தப்பும், ஆள் வைத்து ஓட்டிய யூனிட்டின் மெஷின் வரிசைக்கு அந்தச் சலுகை கேட்காதீர்கள். விவசாயியின் குடியிருப்பு வீட்டுக்கும் விலக்கு உண்டு. ஒன்றரை ஏக்கர் இருப்பதால் அண்ணனை விவசாயி என்று சொல்லிப் பார்க்கலாமா என்று யாராவது ஆரம்பிப்பார்கள். வேண்டாம், பிழைப்பு எது என்றுதான் கோர்ட் பார்க்கும். டூவீலர் போகும்.

ஃபைல் நம்பர்:
இழையைக் கடத்துகிறேன், மன்னிக்கவும். நான் அரசு ஊழியர். ஐபி போட்டால் வேலை போகுமா?

சப்கோர்ட் வாசல்:
போட்டதும் வேலை போகாது. ஆனால் நடத்தை விதிப்படி துறைக்குத் தெரிவிக்க வேண்டும், மறைத்தால்தான் சிக்கல். சாதாரணக் கடன் டிகிரிக்குச் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. மிச்சத்தையும் ஒரே டிகிரிக்கு மொத்தம் 24 மாதத்துக்கு மேல் பிடிக்க முடியாது. மேற்கொண்டு தனி இழை போடுங்கள்.

நூல்கண்டு:
அரெஸ்ட் விஷயம்தான் வீட்டில் எல்லோரையும் தூங்கவிடாமல் செய்கிறது. ஐபி போட்டால் அது நிற்குமா? செக் கேஸும் நிற்குமா?

சப்கோர்ட் வாசல்:
செக் கேஸ் நிற்காது. அது குற்ற வழக்கு, ஐபி சிவில். செக் திரும்பி வந்து, நோட்டீஸ் வந்து 15 நாளில் பணம் கொடுக்கவில்லை என்றால் அந்தத் தடம் தனியாக ஓடும். 2 வருடம் வரை தண்டனை, அல்லது செக் தொகையில் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். ஆகவே மூன்று புரோநோட்டுக்காரரில் செக் வைத்திருப்பவரிடம் பேச்சுவார்த்தை அவசரம்.

அரெஸ்ட் பற்றி. நிறைவேற்று மனு போட்டதும் போலீஸ் வந்து தூக்கிப் போய்விடாது. பெரும்பாலும் முதலில் ஏன் சிறையில் அடைக்கக் கூடாது என்று கேட்டு நோட்டீஸ் வரும். ஆஜராகி, வருமானம் என்ன, சொத்து என்ன என்று விசாரணை நடக்கும். கொடுக்க வழியில்லாதவனைக் கடனுக்காக மட்டும் சிறையில் போடுவது சரியல்ல, கையில் இருந்தும் கொடுக்காத மனம் இருக்க வேண்டும் என்று 1980-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பெண்களைப் பண டிகிரிக்குக் கைது செய்யவே முடியாது. உள்ளே போனாலும் அதிகபட்சம் 3 மாதம், அந்தச் சாப்பாட்டுப் படியைக் கட்டுவது டிகிரி வாங்கியவர். வெளியே வந்த பிறகும் கடன் அப்படியே இருக்கும், ஆனால் அதே டிகிரிக்கு மறுபடி கைது கிடையாது.

ஐபி போட்டு, நொடித்தவர் என்று அறிவிக்கப்பட்ட பிறகு, கைதுக்கு எதிராகப் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். 31-வது பிரிவு. அது தானாக வராது, கேட்க வேண்டும், கோர்ட்டுக்கு நம்பிக்கை வர வேண்டும். பலர் ஐபி போடுவதே இந்த ஒரு உத்தரவுக்காகத்தான். உத்தரவு கிடைத்ததும் மனுவை மறந்துவிடுவார்கள். அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

ஆர்வக்கோளாறு:
ஏன், அதற்குப் பிறகு என்ன? நொடித்தவர் என்று அறிவித்ததும் கடன் முடிந்ததுதானே?

சப்கோர்ட் வாசல்:
இல்லவே இல்லை. அறிவிப்பு என்பது சாவியைக் கோர்ட்டிடம் கொடுப்பது. அன்றோடு சொத்து ரிசீவருக்குப் போகும், அதுவும் மனு போட்ட தேதியிலிருந்தே போனதாகக் கணக்கு. கடன்காரர்கள் கோர்ட் அனுமதி இல்லாமல் தனியாகத் துரத்த முடியாது. ஆனால் கடன் உயிரோடுதான் இருக்கும். அது தீர்வது டிஸ்சார்ஜ் உத்தரவில்தான். அறிவிக்கும்போதே, இத்தனை காலத்துக்குள் டிஸ்சார்ஜுக்கு மனு போடு என்று கெடு எழுதியிருப்பார்கள். அந்தக் கெடுவில் போடாவிட்டால் அறிவிப்பே ரத்தாகும். சொத்தும் போய், பாதுகாப்பும் போய், பழைய கடன்காரர்கள் மறுபடி வாசலில்.

இடைப்பட்ட காலத்தில் அண்ணனுக்கு உயில் மூலமோ பரிசாகவோ எது வந்தாலும் அதுவும் ரிசீவருக்கே. கம்பெனி டைரக்டராக இருக்க முடியாது. எம்எல்ஏ, எம்பி தேர்தலுக்கும் தகுதி இல்லை.

டிஸ்சார்ஜும் கேட்டவுடன் கிடைக்காது. அடமானம் இல்லாத கடன்களில் ரூபாய்க்கு 50 பைசாவாவது சொத்திலிருந்து தேறியதா என்று பார்ப்பார்கள். தேறாவிட்டால், அது உங்கள் கையில் இல்லாத காரணத்தால் என்று காட்ட வேண்டும். தொழில் கணக்குப் புத்தகம் வைத்திருந்தாரா, திவால் என்று தெரிந்த பிறகும் கடன் வாங்கிக்கொண்டே இருந்தாரா, சூதாட்டமா, ஊதாரித்தனமா, எல்லாம் வரும். குறை இருந்தால் மறுக்கலாம், தள்ளிப்போடலாம், இனி வரும் சம்பாத்தியத்தில் இவ்வளவு கட்டு என்று நிபந்தனை போடலாம்.

அப்படியும் டிஸ்சார்ஜ் கிடைத்தால் புரோநோட்டு, கார்டு, பர்சனல் லோன் எல்லாம் தீரும். அரசுக்குக் கட்ட வேண்டியது, மோசடி செய்து வாங்கியது, மனைவி மக்களுக்கான ஜீவனாம்சம், இவை தீராது.

கொடுத்துக் கெட்டவன்:
கணக்குப் போட்டுப் பார்த்தேன். வீட்டை விற்றால் 14 பேங்குக்கு, 14 மிச்சம். அடமானம் இல்லாத கடன் 16, மெஷின் துண்டு ஒரு 2 என்றால் 18. முக்கால் ஏக்கர் பங்கும் இருக்கிறது. உங்கள் அண்ணன் திவாலே இல்லையே!

கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம்:
நான் வீட்டு விலை கேட்டது அதற்குத்தான். ஏலத்துக்குப் போனால் 28 வராது, வட்டியும் செலவும் தின்னும். பேங்கிடம் எழுதிக் கொடுத்துவிட்டு நீங்களே ஆள் பார்த்து விற்றால் அந்த வித்தியாசம் உங்களுக்கு மிஞ்சும்.

சப்கோர்ட் வாசல்:
ஆமாம். கடனைக் கட்ட இயலாதவர்தான் ஐபி போட முடியும். இந்தச் சொத்து விவரத்தோடு போனால் எதிர் வக்கீல் முதல் குறுக்கு விசாரணையிலேயே கேட்பார், மனு தள்ளுபடியாகவும் வாய்ப்பு உண்டு. விவரத்தை மறைத்துப் போட்டால் அது இன்னும் மோசம். எதுவும் இல்லாதவருக்குத்தான் ஐபி உண்மையான நிவாரணம். உங்கள் அண்ணனிடம் விற்க வீடு இருக்கிறது, மனசுதான் வரவில்லை என்று நினைக்கிறேன்.

விற்கும்போது ஒன்று கவனியுங்கள். விலை முழுவதும் பத்திரத்தில் காட்டியிருக்க வேண்டும், பேங்குக் கடன் நேராக அடைபட வேண்டும். மிச்சத்தில் வேண்டியவர் ஒருவருக்கு மட்டும் முழுசாகக் கொடுத்துவிட்டு மற்றவர்களுக்குக் கையை விரிக்காதீர்கள். பிறகு 3 மாதத்துக்குள் ஐபி வந்து, வேண்டுமென்றே சலுகை காட்டியதாகத் தெரிந்தால், கொடுத்தது திரும்பி வரும்.

நூல்கண்டு:
உண்மைதான், அந்த வீட்டை விற்க அவருக்கு மனசே இல்லை. நேற்று அண்ணியையும் வைத்துக்கொண்டு பேசினேன். அண்ணிதான் விற்றுவிடலாம் என்று முதலில் சொன்னார். செட்டில்மெண்ட் பேச்சை விட்டாச்சு. கார்டு ஆட்கள் இரவு ஒன்பது மணிக்கெல்லாம் போன் செய்கிறார்கள், அதை என்ன செய்வது?

கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம்:
காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்குக் கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் பேங்க் விதி. தேதி, நேரம் குறித்து அந்த பேங்கின் குறைதீர் அலுவலருக்கு மெயில் போடுங்கள். வீடு விற்றதும் கார்டுக்கு ஒரே தவணைப் பேரம் பேசலாம், ஆனால் கிரெடிட் ரிப்போர்ட்டில் "செட்டில்ட்" என்று விழும், அது தெரிந்தே செய்யுங்கள்.

கொடுத்துக் கெட்டவன்:
புரோநோட்டுக்காரர் மூவரையும் ஒரே நாளில், ஒரே இடத்தில் கூப்பிடுங்கள். தனித்தனியாகப் பேசினால் இன்னொருவருக்கு அதிகம் கொடுத்தார்கள் என்ற சந்தேகத்திலேயே பேச்சு முறியும். கணக்கை நோட்டில் எழுதி நடுவில் வையுங்கள். வட்டியை விட்டுக்கொடு, அசலை இத்தனை மாதத்தில் வாங்கிக்கொள் என்றால் நான் ஒத்துக்கொண்டிருப்பேன். என்னிடம் யாரும் அப்படிக் கேட்கவே இல்லை, கவர்தான் வந்தது.

நூல்கண்டு:
அப்படியே செய்கிறோம். ஒரு கடைசிச் சந்தேகம். டிகிரி வாங்கியவருக்குப் பணம் கொடுத்ததும் ரசீது வாங்கினால் போதுமா?

சப்கோர்ட் வாசல்:
போதாது. கோர்ட்டுக்கு வெளியே கொடுத்த பணத்தைக் கோர்ட்டில் பதிவு செய்யாவிட்டால், நிறைவேற்றும் கோர்ட் அதைக் கணக்கில் எடுக்காது. முழுத் திருப்தி மெமோ அவர் கையெழுத்தோடு தாக்கலாக வேண்டும். அவர் இழுத்தால், பணம் கொடுத்த 30 நாளுக்குள் நீங்களே மனு போட்டுப் பதிவு செய்யச் சொல்லுங்கள். மற்ற இருவரிடம் அசல் புரோநோட்டைக் கையில் வாங்கி, பின்பக்கம் வரவு எழுதி வாங்கிய பிறகு பணத்தை மாற்றுங்கள். செக்கையும் அதே நேரத்தில் திரும்ப வாங்குங்கள். அரெஸ்ட் மனுவில் அடுத்த வாய்தா எப்போது? அதற்குள் வக்கீல் வைத்து எதிருரை போட்டுவிடுங்கள். வீட்டு விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தானால் அதன் நகலையும் சேர்த்துப் போடலாம்.

நூல்கண்டு:
வரும் 19-ம் தேதி சார். நாளைக்கே வக்கீலைப் பார்க்கிறோம்.